நிரம்பாத குழி

ஒரு வீட்டின் சிறப்பை மதிக்க வருபவர்கள் முன் விறாந்தையின் அழகைப் பார்ப்பார்கள். சமையலறையின் ஒழுங்கைப் பார்ப்பார்கள். கிணற்று நீரை ஒரு மிடறு குடித்து அதன் சுவையையும் பாராட்டுவார்கள். வளவின் பின்கோடியில் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மலசலகூடக் குழியை எவரும் பார்ப்பதில்லை. அதைப்பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்பது நம்மவர் எண்ணம். ஆயினும் அந்தக் குழி தன் கடமையிற் தவறுமாயின், முதலிற் கெடுவது அந்தக் கிணற்று நீரே. கிணறு கெட்டபின் சமையலறையின் ஒழுங்கினால் ஆவதென்ன? ஆதலால், கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, இன்று அதைப்பற்றியே பேசுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பெருமையோடு சொல்லப்படும் ஒரு வார்த்தை உண்டு. "எங்கள் குழி கட்டி இருபது வருடமாகிறது, இன்னும் நிரம்பவில்லை" என்பதே அது. கட்டிய மேசனின் கைத்திறனுக்கு அதனை ஒரு நற்சாட்சிப் பத்திரம்போலச் சொல்வார்கள். உண்மையில் அது மகிழத்தக்க செய்திதானா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடக்கூடிய ஒரு சிறு கணக்கினால் இதற்கு விடை காணலாம்.

ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குளிப்பும் தோய்ப்பும் கிணற்றடியிலேயே நடக்கின்றன. மலசலகூடத்திற்கு மட்டும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 30 லீற்றர் நீர் செலவாகிறது என்று குறைத்தே வைப்போம். நாளொன்றுக்கு 150 லீற்றர். ஆண்டொன்றுக்கு 54,750 லீற்றர். இருபது ஆண்டுக்குப் பத்து இலட்சத்து 95 ஆயிரம் லீற்றர். ஐந்தடி விட்டமும் பத்தடி ஆழமும் உள்ள குழி கொள்ளக்கூடியதோ ஏறத்தாழ 5,500 லீற்றர். அப்படியாயின் இருநூறு முறை நிரம்பியிருக்க வேண்டிய குழி ஒருமுறையேனும் நிரம்பவில்லை. நிரம்பாத அந்த நீர் எங்கே போயிற்று?

நிலத்துள் ஊறிப் போயிற்று என்பது சரியான விடைதான். ஆனால் நல்ல மண்ணினூடாக மெல்ல ஊறித் தெளிந்து போயிற்றா, அல்லது கல்வெடிப்பு வழியாகத் தெளியாமலே ஓடிப் போயிற்றா என்பதிலேதான் குடும்பத்தின் சுகம் தங்கியிருக்கிறது.

தாங்கியின் தொழில்

கழிவை மண்ணுக்குள் விடுமுன் ஒரு மூடிய தாங்கியில் தேக்கிவைக்கும் முறையைப் பிரான்ஸ் தேசத்தவரான மூரா என்பவர் கண்டு, 1881 ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் எக்சீற்றர் நகரிலே டொனால்ட் கமரன் என்னும் பொறியியலாளர் 1895 ஆம் ஆண்டளவில் அதனைத் திருத்தியமைத்து 'செப்ரிக் தாங்கி' என்று பெயரிட்டார். அந்தப் பெயரே இன்று நம் மேசன்மாரின் வாயிலும் வழங்குகிறது.

தாங்கிக்குள் நடப்பது மிக எளிய காரியம். கனமான பகுதி அடியிற் சேறாகப் படிகிறது. கொழுப்பும் எண்ணெயும் ஆடைபோல மேலே மிதக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஓரளவு தெளிந்த நீர், வெளிக்குழாயினூடாக அடுத்த குழிக்குப் போகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் அடியிலுள்ள சேற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இரண்டாவது குழி, நீரை நிலத்துள் ஊறவிடும் குழி. அதனை ஊறுகுழி என்போம்.

இங்கே இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்கவேண்டும். தாங்கியிலிருந்து வெளியேறும் நீர் தெளிந்ததுபோலத் தோன்றினும் சுத்தமானதன்று. நோய்க்கிருமிகள் அதில் நிறைய உண்டு. அவற்றை வடித்தும் வாட்டியும் அழிப்பது, காற்றோட்டமுள்ள ஈரமற்ற மண்ணே. மண்ணைத்தான் நாம் உண்மையான சுத்திகரிப்புச் சாலை என்று சொல்லவேண்டும்.

மற்றையது, நம்மவர் பெருமைக்கு நேர்மாறானது. ஒழுங்காகக் கட்டப்பட்ட தாங்கி எப்பொழுதும் நிரம்பியே இருக்கும். 2,500 லீற்றர் கொள்ளும் தாங்கி, மேற்சொன்ன குடும்பத்தின் வீட்டில் மூன்று வாரத்துக்குள் வெளிக்குழாய் மட்டம்வரை நிரம்பிவிடும். அதன்பின் உள்ளே வருகின்ற அளவே வெளியே போகும். மூடியைத் திறந்து பார்க்கும்போது நீர்மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழே தாழ்ந்து கிடக்குமானால், அடித்தளமோ சுவரோ வெடித்திருக்கிறது என்பது பொருள். அடித்தளமே போடப்படாத குழியைத் தாங்கி என்று நம்பியிருக்கும் வீடுகளும் உண்டு.

மேலே வரும் பழுது

இந்த அமைப்புக்கு நேரும் பழுது இருவகைப்படும். ஒன்று மேலே வருவது. மற்றொன்று கீழே போவது. மேலே வரும் பழுது கண்ணுக்கும் மூக்குக்கும் தானே தன்னை அறிவித்துவிடும்.

நீர் ஊற்றியதும் வழக்கம்போல இறங்காமல் தயங்கி நிற்கும். குழாய்க்குள் களகளவென்று குமிழிச் சத்தம் கேட்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இப்படி நேர்ந்தால் அந்தக் குழாயில் அடைப்பு என்று கொள்ளலாம். மலசலகூடம், குளியலறை, கைகழுவும் தொட்டி எல்லாம் ஒருங்கே தயங்கினால் குறை தாங்கியிலோ ஊறுகுழியிலோதான் இருக்கிறது. மாலைவேளையில் பின்வளவில் துர்நாற்றம் வீசுவதும் ஓர் அறிகுறி. பங்குனி, சித்திரை வெயிலில் வளவெங்கும் புல் காய்ந்திருக்க, ஊறுகுழியின்மேல் மாத்திரம் புல் பச்சைப்பசேலென்று செழித்திருப்பதும், நடந்தால் கால் புதைவதும் பிறிதோர் அறிகுறி. அங்கே நட்ட வாழை நன்றாகக் குலை தள்ளுகிறது என்று மகிழ்வதோடு நின்றுவிடாமல், அதற்கு நீர் பாய்ச்சுவது யார் என்றும் கேட்கவேண்டும்.

காலமறிந்து வரும் அறிகுறியும் ஒன்றுண்டு. கோடை முழுதும் குறையின்றி நடந்த அமைப்பு, ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலான மாரியிலே தடுமாறும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து ஊறுகுழியின் அடியைத் தொட்டுவிடுவதே காரணம். நிலமே நீரில் தோய்ந்திருக்கும்போது குழி நீரை எங்கே அனுப்பும்? மழை விட்டதும் குறை நீங்கியதுபோலத் தோன்றும். அது நீங்கவில்லை. ஒவ்வொரு மாரியிலும் குழிநீரும் கிணற்று நீரும் நிலத்தின் கீழே ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதே அதன் பொருள்.

கீழே போகும் பழுது

இனி, சத்தமும் நாற்றமும் இல்லாத பழுதைக் கவனிப்போம்.

குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தது. மண் படை பல இடங்களில் மெல்லியது. அதன் கீழே உள்ள கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. புத்தூர் நிலாவரைக் கிணற்றின் ஆழமும், கீரிமலையிலே கடலின் ஓரத்தில் நன்னீர் ஊற்றெடுப்பதும் இந்தக் கல்லின் இயல்பை நாம் நேரிற் காணத்தக்க சான்றுகள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எமக்கில்லை. கல்லின் பொந்துகளில் மாரிமழை சேர்த்துவைக்கும் நன்னீரே, உவர்நீரின்மேல் மிதந்துகொண்டு, எமது கிணறுகளுக்கு வருகிறது. அந்த நீரை எமக்குக் கொண்டுவந்து தரும் அதே வெடிப்புகள்தாம் குழிநீரையும் கொண்டுவந்து தருகின்றன. மண்ணில் மெல்ல மெல்ல வடியவேண்டிய நீர், கல்வெடிப்பில் வாய்க்காலிற்போல ஓடிவிடும்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி வேண்டுமென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நல்ல மண்ணுள்ள நிலத்துக்கு அது ஓரளவு காவலாகும். வெடிப்புக் கல்லுள்ள நிலத்தில் 50 அடியை நம்பி நிம்மதியாக உறங்க முடியாது. குழியைக் கல் தட்டும்வரை ஆழமாகத் தோண்டினால் நீர் விரைவில் இழுக்கும் என்று மேசன் சொல்வது உண்மையே. அந்த விரைவுதான் எமக்கு வரும் ஆபத்து.

இதற்குப் பழைய சான்று ஒன்று இலண்டன் மாநகரில் உண்டு. 1854 ஆம் ஆண்டு ஆவணி மாத இறுதியில், சோகோ என்னும் பகுதியிலுள்ள புரோட் வீதியிலும் அயலிலும் வாந்திபேதி பரவி 600 பேருக்கு மேல் மடிந்தனர். ஜோன் சினோ என்னும் வைத்தியர் நோயாளரின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவ்வீதியின் கிணற்றுப் பம்பியே காரணமென்று காட்டினார். அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்த நீர் கலங்கியதோ நாறியதோ அன்று. அதன் சுவையை விரும்பி, தொலைவிலுள்ள ஹாம்ஸ்ரெட் என்னும் இடத்தில் வாழ்ந்த ஒரு விதவை மாது வண்டியில் வருவித்துக் குடித்து, அந்நோயாலேயே இறந்தாள். அடுத்த ஆண்டு நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைந்த தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்தது. அதன் செங்கற்சுவர் உக்கிப்போயிருந்தது. அந்த வீட்டில் நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளைத் தோய்த்த நீர் அந்தக் குழியிலேதான் ஊற்றப்பட்டிருந்தது.

"எங்கள் கிணற்றுத் தண்ணீர் தேன்போல இருக்கிறது" என்பது ஆகவே ஒரு சான்றாகாது. வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி ஆகிய நோய்கள் தெளிந்த நீரிலும் வரும். வீட்டில் ஒருவர் மாறி ஒருவருக்கு வயிற்றுக்கோளாறு வந்துகொண்டிருந்தால், சாப்பாட்டைக் குறைசொல்வதோடு நில்லாமல் கிணற்றையும் சந்தேகிக்கவேண்டும்.

கிருமியன்றி வேறொரு பொருளும் குழியிலிருந்து கிணற்றை அடைகிறது. அது நைத்திரேற்று. தோட்டங்களுக்கு இடும் யூரியாவிலிருந்தும் அது வருவதுண்டு. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இங்கே தாய்மார் முக்கியமாக அறியவேண்டியது ஒன்றுண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்றோ போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே சந்தேகத்துக்குரிய கிணற்று நீரிலே, கொதித்தாறியதாயினும், கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தலாகாது.

இந்த மறைந்த பழுதை அறிய ஒரே வழி நீரைச் சோதிப்பித்தல். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். மலத்தோடு வரும் ஈ. கோலி என்னும் பற்றீரியா 100 மில்லிலீற்றர் நீரில் ஒன்றேனும் இருத்தலாகாது. மாரி பெய்து நீர்மட்டம் உயர்ந்திருக்கும் காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சோதிப்பித்தல் நன்று.

உடனே செய்யவேண்டியவை

பழுது தெரிந்த அன்றே குழிக்குப் போகும் நீரைக் குறையுங்கள். குளிப்பையும் தோய்ப்பையும் அந்தக் குழாயிலிருந்து விலக்கிவிடுங்கள். கசிவுள்ள இடத்தைச் சுற்றிக் கயிறோ வேலியோ அடைத்து, பிள்ளைகளும் கோழிகளும் அங்கே போகாமல் தடுங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். கைக்குழந்தைக்கு வேறிடத்து நல்ல நீரைத் தேடுங்கள். பின்னர் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ அறிவித்து, கழிவு அகற்றும் பவுசரை வருவியுங்கள். தனியார் வண்டியை அழைத்தால், ஏற்றும் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எமது குழியை வெறுமையாக்கி இன்னோர் ஊரின் தரவையில் கொட்டுவித்தால், நோயை இடம் மாற்றியவர்களாவோமேயன்றி நீக்கியவர்கள் ஆகோம்.

செய்யத் தகாதவற்றுள் தலையாயது, எக்காரணங்கொண்டும் குழிக்குள் ஒருவரை இறக்குதல். கூலிக்கு ஆள் கிடைக்கிறதென்று ஏணி வைத்து இறக்குவது, அவரைச் சாவுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு அங்கே தங்கியிருக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் உடைய அது, செறிவு கூடியபோது மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். ஒரே குழியில் இருவர் மூவராக இறப்பதற்கு இதுவே காரணம். எவரேனும் விழுந்துவிட்டால் பின்னால் இறங்காது, 1990 அம்புலன்ஸ் சேவையையும் தீயணைப்புப் படையையும் அழையுங்கள். தீப்பிடிக்கும் மெதேன் வாயுவும் அங்கே இருப்பதால், தீக்குச்சி கிழித்து உள்ளே பார்ப்பதும் கூடாது. மூடி உக்கியிருந்தால் அன்றே மாற்றுங்கள். பிள்ளைகள் விளையாடும் வளவில் அது ஒரு கண்ணிதான்.

அமிலம், மண்ணெண்ணெய், கடையில் விற்கும் தூள்கள் என்பவற்றை ஊற்றிக் குழியைச் 'சுத்தம்' செய்ய முயல்வதாலும் பயனில்லை. சிதைக்கும் பற்றீரியாக்கள் சாகும். சேறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நிலையான பரிகாரம்

தாங்கியிற் சேறு ஆளொன்றுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 40 லீற்றர் சேரும் என்பது பொறியியலாளர் கணக்கு. ஐந்து பேருக்கு 200 லீற்றர். 2,500 லீற்றர்த் தாங்கியின் மூன்றிலொரு பங்கு, நான்கு ஆண்டில் சேறாகிவிடும். அதற்குமேல் விட்டால் சேறு வெளிக்குழாயினூடாகப் போய் ஊறுகுழியின் மண்துளைகளை அடைத்துவிடும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தாங்கியை வெறுமையாக்க வேண்டும் என்று சொல்வது இதனாலேதான். வழிந்தபின் அழைப்பது தாமதம்.

அடித்தளமில்லாத பழைய குழியாயின், அதனைத் திருத்த முயல்வதிலும் புதிய, நீர்புகாத தாங்கி வைப்பதே மேல். பழைய குழியை வெறுமையாக்கி மண்ணிட்டு மூடிவிடலாம். தாங்கி அமைப்பதற்கு இலங்கையில் எஸ்.எல்.எஸ். 745 என்னும் கட்டளை உண்டு. வேலை தொடங்குமுன் அதனை மேசனிடம் நினைவூட்டுங்கள். பிளாஸ்ரிக் தாங்கியாயின் மாரியில் வெறுமையாக்கும்போது நிலத்தடி நீர் அதனை மேலே கிளப்பிவிடக்கூடும். கோடையில் அந்த வேலையைச் செய்யுங்கள். ஊறுகுழியை ஆழமாகத் தோண்டாது, அகலமாகவும் ஆழங்குறைந்ததாகவும் அமையுங்கள். மண் மெல்லியதாயின், வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேடாக்கி அதனூடாக நீரை வடியவிடலாம். அங்கே வாழை நடுவதில் குற்றமில்லை. நீரின் ஒரு பங்கை அது உறிஞ்சிக்கொள்ளும். வேலை முடிந்தபின் பரிசோதகரின் ஆலோசனைப்படி கிணற்றுக்குக் குளோரீன் இட்டு, மீண்டும் சோதிப்பித்த பின்னரே பழையபடி குடியுங்கள்.

வேலிக்கு அப்பால்

நம் வீட்டுக் குழியை மாத்திரம் திருத்தினால் போதுமா? இரண்டு பரப்புக் காணி சதுரமாயின் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 74 அடிதான். ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் குழியும் வைத்தால் நமக்கு 50 அடி கிடைக்கும். ஆனால் அந்தக் குழி அயலவரின் கிணற்றுக்கு எத்தனை அடி? பத்துப் பரப்பு வளவாக இருந்தது, இரண்டு தலைமுறைச் சீதனத்தில் நான்காகவும் ஐந்தாகவும் பிரிந்தபோது, கிணறு ஒரு மகளுக்கும் வழி இன்னொரு மகளுக்கும் என்று உறுதியில் எழுதினோம். குழியைப்பற்றி எந்த உறுதியிலும் எழுதவில்லை. வேலி நிலத்தின்மேல் நிற்கிறது. நிலத்தின் கீழே வேலியில்லை. எல்லைத் தகராற்றில் ஓர் அடி மண்ணுக்கு வழக்காடுகின்ற நாம், அயலவரோடு இருந்து குழியும் கிணறும் எங்கெங்கே அமையவேண்டுமென்று பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் அதன் பயன் இரு வீட்டாருக்கும் உண்டு. பங்குக் கிணறுள்ள குடும்பங்கள் சோதனைச் செலவையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

2024 ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வந்தால் இந்தக் கவலை இல்லை என்று எண்ணுவோரும் உளர். கையால் அள்ளி ஊற்றிய காலத்திலும் பார்க்கக் குழாயைத் திறந்துவிடும் காலத்தில் நீர்ச்செலவு கூடும். குழிக்குப் போவதும் கூடும். வந்த நீர் வீதிவழியாக வருகிறது. போகும் நீரோ எமது வளவுக்குள்ளேயே போகிறது.

அடுத்த ஞாயிறுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் வளவின் படத்தைக் கீறி, கிணறு, தாங்கி, ஊறுகுழி, அயலவரின் குழி ஆகியவற்றின் இடத்தையும் இடையிலுள்ள அடிக்கணக்கையும் குறியுங்கள். தாங்கியை இறுதியாக வெறுமையாக்கிய ஆண்டையும், கிணற்றை இறுதியாகச் சோதித்த ஆண்டையும் அதன் கீழே எழுதுங்கள். எழுதுவதற்கு ஆண்டு தெரியவில்லையாயின், வேலை அங்கிருந்தே தொடங்குகிறது. அந்தத் தாளைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் நாளிலே உறுதியோடு அதுவும் போகட்டும்.